கரண்ட் போய் வந்தால் தெரியும்



குமாரலிங்கபுரத்தில் எங்கள் கிணற்றில் தண்ணி குறைந்ததும் மோட்டாரை நிறுத்த, லினக்ஸில் பின்னணிச் சேவை ஒன்று எழுதினேன். சென்சாரைத் தொட அதற்கு அனுமதியில்லை. அந்தச் சாதனக் கோப்புக்கு 666 போட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டேன், ஓடியது. ஒருநாள் கரண்ட் போய் வந்தது. சேவை எழவில்லை, மோட்டார் வெறுங்கிணற்றில் ஓடிப் புகைந்தது.

சாதனக் கோப்பு வட்டில் நிலைத்திருப்பதல்ல. கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் புதிதாக உண்டாவது. நான் கொடுத்த அனுமதி பழையதோடு போயிற்று.

"ரூட்டாகவே ஓட்டிவிடேன்" என்றார் நண்பர். ஒரு வாளி தண்ணிக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பதா? யுடெவ் விதியில் சாதனத்துக்கு ஒரு குழுவும் 0660-உம் எழுதிவைத்து, சேவையின் பயனரை மட்டும் அக்குழுவில் சேர்த்தேன். பிறகு நிற்கவில்லை.

தம்பிகளே, ஓடுகிறதே என்று விடாதீர்கள். ஒருதரம் அணைத்துப் போட்டுப் பாருங்கள்.