வாசித்துக் காட்டும் செயலி

பார்வையற்ற மாணவருக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும் செயலிக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இன்றும் இலவசம். இரண்டும் தமிழ் வாசிக்கும்.

ஆனால் செயலி வாசிப்பது எழுத்தின் வடிவத்தை அன்று, அதற்குப் பின்னால் இருக்கும் குறியீட்டை. தமிழ்ப் பாடங்கள் சிக்கிக்கொண்டது இங்கேதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருந்தன. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவதைச் செயலி ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று உளறும். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. பாடக்குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்தால் அம்மா அம்மாவாகவே ஒலிப்பாள்.

புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், செயலிக்கு அது வெறும் படம். எழுத்துணரியைக் கொண்டு படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் அதில் துணைக்காலும் ரகரமும் மாறிப்போகாமல் ஒருவர் சரிபார்த்தாக வேண்டும்.

பாடத்திலுள்ள படங்களுக்கு விளக்கம் எழுதுவது தனிக் கலை. ‘இதயத்தின் படம்’ என்று எழுதினால் மாணவருக்கு எதுவும் கிடைக்காது. மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்டிரிக்கிள்கள், ரத்தம் எதிலிருந்து எதற்குப் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். காணொளிப் பாடத்திலும் ‘இதோ, இதைப் பாருங்கள்’ என்று கைகாட்டிவிட்டு நகர்வது வழக்கம். வானொலியில் பேசுவோருக்கு அந்த வசதி இல்லாததே ஒரு நல்ல பயிற்சி.

செவித்திறன் குறைந்தோருக்கு, பேச்சை அப்போதைக்கப்போதே எழுத்தாக்கும் செயலிகள் உள்ளன. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019-இல் வந்தது, தமிழும் எழுதும். வகுப்பறை இரைச்சலும், கரும்பலகையைப் பார்த்தபடி பேசும் ஆசிரியரும் அதைத் தடுமாற வைப்பதுண்டு. கைபேசியை மாணவரின் மேசையில் வைக்காமல் ஆசிரியரின் வாயருகே ஒலிவாங்கி வைத்தால் எழுத்து தெளிவாக வரும்.

சைகை மொழியிலேயே வளர்ந்த குழந்தைக்கு, ஓடும் எழுத்து இன்னொரு அந்நிய மொழியாகவே இருக்கலாம். அக்குழந்தைக்குச் சைகை மொழிக் காணொளி வேண்டும். இந்திய சைகை மொழி அகராதி 2018-இல் 3,000 சொற்களுடன் தொடங்கியது. 2021-இல் 10,000 சொற்களாக விரிந்தது.