பாலித் தீவின் ஓய்வும் சதுர்த்தசி உபவாசமும்

(தசலட்சணப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இந்தோனேசிய நாட்டின் பாலித் தீவில், மலைச்சரிவுகளில் படிப்படியாய் இறங்கும் நெல்வயல்களுக்கு நடுவே உபுத் என்றோர் ஊர் உண்டு. மருந்து எனப் பொருள்படும் 'உபத்' என்னும் பாலிச் சொல்லே அப்பெயர்க்கு மூலம் என்பர். ஓவியர்க்கும் ஆடற்கலைஞர்க்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்றிருந்த ஊர் அது. எலிசபெத் கில்பர்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர், மணமுறிவின் துயர் ஆறுவதற்காக நாடு விட்டு நாடு சென்று, இறுதியில் பாலியில் தங்கிய வரலாற்றை 2006இல் நூலாக வெளியிட்டார். 2010இல் அது ஜூலியா ராபர்ட்ஸ் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. அதன்பின் பல நாட்டு மகளிர் தனித்தனியே உபுத்தை நாடி வரலாயினர். மகளிர்க்கென்றே நடத்தப்பெறும் நலவாழ்வு முகாம்கள் அங்குப் பெருகின. இப்போது இந்திய நகரங்களிலிருந்தும் பெண்கள் செல்கின்றனர்.

அம்முகாம்களில் நிகழ்வது என்ன? ஐந்து அல்லது ஏழு நாள் தங்கல். பல இடங்களில் வந்தவுடன் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகின்றனர். விடியலில் யோகாசனம், மூச்சுப் பயிற்சி. காலை உணவு வரை மௌனம். பகலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுதல். மாலையில் அனைவரும் வட்டமாக அமர்கின்றனர். ஒருத்தி தன் மனத்திலுள்ளதைச் சொல்ல, மற்றவர் குறுக்கிடாமல் கேட்கின்றனர். ஒருநாள் தம்பாக்சிரிங் என்னும் ஊரில் உள்ள தீர்த்த எம்புல் சுனைக்கு அழைத்துச் செல்கின்றனர். இடுப்பில் துணி சுற்றிக் கச்சை கட்டி, வரிசையாக அமைந்த தூம்புகளின் கீழ் நின்று தலை நனைப்பர். இதனை மெலுகாத் என்பர். கடைசி மாலையில் மலரிதழ் மிதக்கும் தொட்டி நீரில் கிடந்து களைப்பாறுவதும் உண்டு.

உணவைப் பற்றி ஒரு சொல். 'தாவர உணவு' என்னும் அறிவிப்பை நம்பிச் செல்லும் சமணப் பெண் சற்றுக் கவனமாக இருத்தல் நன்று. ஜாமு என்னும் மூலிகைப் பானம் அங்குப் பெருமைக்குரியது. 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஜாமு மரபு இடம்பெற்றது. பச்சை மஞ்சளும் இஞ்சியும் இடித்துப் பிழிந்த அச்சாற்றில் தேனும் கலப்பதுண்டு. சம்பல் என்னும் துவையலில் இறால் விழுது சேர்ப்பதும் அந்நாட்டு வழக்கம். காய்கறித் தட்டின் ஓரத்திலேயே அது இருக்கக்கூடும். கேட்டு அறிந்தே உண்ணவேண்டும்.

இவற்றைக் கேட்கும் பெரியோர், "மௌனமும் தியானமும் அளவான உணவும் சமணர்க்குப் புதியனவா? இவற்றைக் கற்கப் பெரும்பொருள் கொடுத்து விமானம் ஏறவேண்டுமா?" என்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் விடை அத்துணை எளிதன்று. அம்முகாம்கள் விற்பது யோகத்தை அன்று. யோகம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்று எவரும் தன்னைக் கேளாத ஏழு நாளையே அப்பெண் விலைகொடுத்து வாங்குகிறாள். அவளைப் பார்த்து நகைப்பதற்குமுன், அந்த ஏழு நாளில் ஒரு நாளேனும் அவளுக்கு இல்லத்தில் கிட்டியதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அங்கு ஓய்வெடுப்பவளும் பெண். அவளுக்குச் சமைப்பவளும், உடம்பு பிடித்துவிடுபவளும், படுக்கை விரிப்பவளும் பெரும்பாலும் பெண்ணே. பாலிப் பெண் விடியலில் எழுந்து, தென்னங்குருத்தைக் கிழித்துச் சிறு தட்டாகப் பின்னி, பூவும் சோறும் வைத்து, 'சானாங் சாரி' என்னும் படையலை வீட்டு வாயிலிலும் தெய்வ மாடத்திலும் அடுப்பங்கரையிலும் இடுகிறாள். அதன்பின் வேலைக்கு வந்து அங்கும் அதனை வைக்கிறாள். ஊர்க்கோயில் திருவிழாவுக்கு உழைக்கும் கடமையும் அவளுக்கு உண்டு. ஒருத்தியின் ஓய்வு இன்னொருத்தியின் உழைப்பின்மேல் நிற்கிறது. அகிம்சையை முதல் அறமாகக் கொண்டோர் இதனைக் காணாமல் கடந்துபோதல் இயலாது.

ஆயினும் அந்தப் பாலிப் பெண்ணுக்கும் ஒரு நாள் உண்டு. நியெபி என்பது அதன் பெயர். பாலியரின் சக ஆண்டுப் பிறப்பு. கி.பி. 78இல் தொடங்கும் அதே சக ஆண்டுதான். பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். அன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை நான்கு விலக்குகள்: தீ மூட்டலாகாது, வேலை செய்யலாகாது, வெளியே செல்லலாகாது, கேளிக்கை ஆகாது. பலர் உண்ணா நோன்பும் மௌனமும் காக்கின்றனர். விமான நிலையமே மூடப்படுகிறது. 2018 முதல் கைப்பேசி இணையத்தையும் நிறுத்திவிடுகின்றனர். வெளிநாட்டு விருந்தினரும் விடுதிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். தெருவில் ஊர்க்காவலர் மட்டுமே நடமாடுவர். தீ மூட்டலாகாது என்பதனால் அடுப்பும் எரிவதில்லை. உண்பவர் முதல்நாள் சமைத்ததை உண்பர். ஒரு தீவு முழுவதும் ஒரே நாளில் ஓய்வதனால், அந்த ஓய்வுக்காக வேறொருத்தி கூடுதலாக உழைக்கவேண்டிய நிலை பெரிதும் குறைகிறது.

நம் ஆசாரியர் வகுத்ததும் இதற்கு மிக அணித்தானதே. இல்லறத்தார்க்குரிய நான்கு சிக்ஷா விரதங்களுள் புரோஷதோபவாசம் ஒன்று. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நால்வகை உணவையும் துறத்தலே அதுவென்று பலரும் கருதுகின்றனர். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் அதனோடு நிற்கவில்லை. உபவாச நாளில் ஐம்பாவங்களோடு அணிகலன், நறுமணம், மலர், நீராட்டு, அஞ்சனம் முதலியவற்றையும் விலக்கச் சொல்கிறது. மலர்த்தொட்டி நீராட்டை ஓய்வின் சிகரமாகக் கருதும் உபுத் முகாமுக்கு இது நேர்மாறு! அப்பட்டியலில் மற்றொரு சொல்லும் உண்டு: ஆரம்பம். உயிர்க்கு ஊறு நேரும் இல்லத் தொழில்கள் அனைத்தும் அச்சொல்லில் அடங்கும். விலக்கியபின் மிஞ்சும் பொழுதை அறவுரை கேட்டலிலும் தியானத்திலும் செலுத்தவேண்டும்.

ஆரம்பத் தொழில்களுள் தலையாயவை ஐந்து என்பர்: இடித்தல், அரைத்தல், அடுப்பெரித்தல், நீர் முகத்தல், பெருக்குதல். உரல், அம்மி, அடுப்பு, குடம், துடைப்பம் என்னும் இவ்வைந்தும் எவர் கையில் இருந்தன? இன்று உரல் போய் மிக்ஸி வந்தது, கை மாறவில்லை. அவ்வாறாயின் உபவாச நாளில் ஆரம்பத்தை விலக்குக என்னும் விதி, வேறெவரையும்விட இல்லத்துப் பெண்ணுக்கே முதன்மையாகப் பொருந்துகிறது.

நடைமுறை வேறு. தசலட்சணத்தின் பத்து நாளில் உபவாசம் ஏற்பவருள் மகளிர் எண்ணிக்கை குறைவன்று. தான் ஒரு துளி நீரும் பருகாமல், பிள்ளைகளுக்குக் காலையில் இட்லி வார்த்து, கணவர்க்கு மதிய உணவு கட்டி, மாமியார்க்குப் பத்தியம் சமைத்து, பொழுது சாயுமுன் அனைவர்க்கும் இரவு உணவு முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு ஆலயத்துக்கு வரும்போது அறவுரை முடியும் தறுவாயில் இருக்கும். "எங்கள் வீட்டில் அவள் சதுர்த்தசி தவறுவதேயில்லை" என்று வீட்டார் பெருமை கொள்வர். அவள் நோற்றது பசி. புரோஷதத்தின் மற்றொரு பாதி அவளுக்கு வாய்க்கவில்லை. அதற்குத் தடையாக நின்றவரும் அப்பெருமை கொண்டவரே.

முற்காலத் தமிழகத்துச் சமணர் இதில் வேறாக நடந்ததற்குச் சான்று தொலைவில் இல்லை. வந்தவாசியை அடுத்த வேடல் குன்றில் இயற்கைக் குகைகள் உள்ளன. அங்குப் பெண் துறவியர் தங்கிக் கற்றும் கற்பித்தும் வாழ்ந்தனர். முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்ற செய்தியைக் கூறுகிறது. துறவியர்க்கும் இல்லறத்தார்க்கும் வேறுபாடு உண்டுதான். ஆயினும் பெண்கள் ஓதவும் தியானிக்கவும் தனியிடம் வேண்டும், அவர்களுடைய சோற்றுக் கவலையைப் பிறர் சுமக்கவேண்டும் என்பதை அவ்வூரார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

உபுத் செல்ல விரும்பும் மகளைத் தடுக்கவேண்டுவதில்லை. வசதி இருப்பின் சென்று வரட்டும். செல்ல இயலாத தாய்க்கும் பாட்டிக்கும் மருமகளுக்கும் அந்தந்த ஊர் ஜினாலயத்து மண்டபமே போதும். இவ்வாண்டு அனந்த சதுர்த்தசி அன்று, நோன்பு ஏற்கும் மகளிர் முதல்நாள் ஒருவேளை உணவுக்குப்பின் மண்டபத்துக்கு வந்துவிடட்டும். பாயும் விளக்கும் படிக்கும் நூலும் அறக்கட்டளை தரலாம். கைப்பேசியை ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டலாம். வீட்டில் இருக்கும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் அன்று ஆடவர் சமைக்கட்டும். மறுநாள் பாரணைக் கஞ்சியையும் அவர்களே காய்ச்சட்டும். எத்தனைப் படி அரிசிக்கு எவ்வளவு நீர், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பனவற்றை முதல்நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். மௌனத்தில் அமர்ந்திருப்பவரை நடுவே வந்து எழுப்பாதிருக்கலாம்.