மாநிலச் சராசரி மறைக்கும் மரணங்கள்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1845இல் வெளிவந்த ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை’ என்னும் நூலில், மான்செஸ்டரின் புறநகர்ப் பகுதி ஒன்றின் மரணக் கணக்கை எங்கெல்ஸ் எடுத்தாள்கிறார். தெருக்களையும் வீடுகளையும் தரவாரியாகப் பிரித்துத் தயாரிக்கப்பட்ட கணக்கு அது. முதல் தரத் தெருக்களின் முதல் தர வீடுகளில் ஆண்டுக்கு 51 பேரில் ஒருவர் இறந்தார். மூன்றாம் தரத் தெருக்களின் மூன்றாம் தர வீடுகளிலோ 25 பேரில் ஒருவர். அப்பகுதியின் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது.

இந்திய மாநிலங்களின் குழந்தை இறப்பு விகிதத்தை மாதிரிப் பதிவு முறை ஆண்டுதோறும் அளிக்கிறது. ஆனால் அது மாவட்டங்களைக் காட்டுவதில்லை. 2010-11இல் தொடங்கிய ஆண்டுச் சுகாதார ஆய்வு, ஒன்பது மாநிலங்களின் 284 மாவட்டங்களில் அத்திரையை விலக்கியது. அதன் முதல் சுற்றில் உத்தரப்பிரதேசத்தின் விகிதம், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு 71. அம்மாநிலத்தின் சிராவஸ்தி மாவட்டத்திலோ 103. உத்தரகண்டின் ருத்ரபிரயாகையில் 19. இவ்விரு மாவட்டங்களும் 2000 நவம்பர் வரை ஒரே மாநிலத்தில் இருந்தவை என்பது கருதத்தக்கது.

நேபாள எல்லையை ஒட்டிய சிராவஸ்தி, ராப்தி ஆற்றின் வெள்ளத்துக்கு ஆளாகும் மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு எழுத்தறிந்தோர் பாதிக்கும் குறைவு. பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே எழுத்தறிந்தவர். படிக்க இயலாத தாய், எட்டாத மருத்துவமனை, நிலமற்ற குடும்பம் ஆகியவை ஒன்றுசேரும் இடத்தில் குழந்தை இறக்கிறது. இதனை விதி என்பது ஆளும் வர்க்கத்துக்கு வசதியான விளக்கம்.

விதி அன்று என்பதற்குக் கேரளமே சான்று. 1956இல் மாநிலம் உருவானபோது, சென்னை மாகாணத்தின் கீழ் இருந்த மலபார், கல்வியிலும் மருத்துவ வசதியிலும் திருவிதாங்கூரைவிடப் பின்தங்கியிருந்தது. இறப்பு விகிதமும் அங்கே அதிகம். 1957இல் கோழிக்கோட்டில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் பெருகின. நிலச் சீர்திருத்தம் குத்தகை விவசாயியை நிமிரச் செய்தது. சில பத்தாண்டுகளில் இடைவெளி பெரிதும் குறுகியது.

எனினும் அதே கேரளத்தில் குழந்தை இறப்பு விகிதம் 12 ஆக இருந்த 2013இல், பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்தனர். தாய்மாரின் சத்துக்குறைவும், பறிபோன நிலமும் அதன் பின்னணி. மாநிலத்தின் சாதனையைப் பேசுவோர் அட்டப்பாடியையும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

ஆண்டுச் சுகாதார ஆய்வோ மூன்று சுற்றுகளோடு நின்றுபோனது. தேசியக் குடும்ப நல ஆய்வின் மாவட்ட அறிக்கைகளில் குழந்தைகளின் எடையும் உயரமும் உண்டு. இறப்பு விகிதம் இல்லை. கணக்கில் வராத மரணத்துக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எனவே மாவட்டவாரியாக, வட்டாரவாரியாக, சமூகப் பிரிவுவாரியாக இறப்புக் கணக்குகளை வெளியிடக் கோருவது மக்கள் கோரிக்கை. வீடு வீடாகச் செல்லும் ஆஷா ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும் அறிந்த மரணங்கள் ஏட்டில் ஏற வேண்டும். அவ்வேட்டைக் கிராம சபையில் உரக்கப் படிக்கச் செய்வது ஒவ்வொரு கிளையின் பணியாக அமையட்டும்.