சக்கரம் ஏறாத மலையில் மான் வேட்டை



வேட்டை என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். ஆனால், அமெரிக்காவின் வயோமிங் மாநில மலைக்காடுகளில் துப்பாக்கிக்கு முன்பே குதிரை தேவைப்படுகிறது. 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட காடுகளுக்குள் காரோ மோட்டார் சைக்கிளோ, ஏன், மிதிவண்டிகூடப் போக முடியாது. நடக்க வேண்டும், இல்லையேல் குதிரை அல்லது கோவேறு கழுதை.

அங்குள்ள மானுக்கும் கோவேறு கழுதையின் பெயர்தான். காது அவ்வளவு பெரிது! 'மியூல் மான்' என்கிறார்கள். காது மட்டுமா, மூக்கும் கூர்மையானது. வெயில் ஏறினால் மலைச்சரிவில் காற்று மேல்நோக்கிப் போகும். அந்தி சாய்ந்தால் கீழே இறங்கும். அதனால் வெயில் ஏறிய பிறகு, படுத்திருக்கும் மானை வழிகாட்டி மேலிருந்து இறங்கி நெருங்குவார். மனித வாடை மானை எட்டாது. குதிரையைத் தொலைவிலேயே கட்டிவிடுவார்கள். சினிமாவில் வருவதுபோல் குதிரை மேலிருந்து சுடும் வேலையெல்லாம் அங்கே இல்லை.

சுட்ட பிறகுதான் உண்மையான உழைப்பு. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விட்டுவருவது அங்கே சட்டப்படி குற்றம். அதை அறுத்து, பொதிக்குதிரையின் இரு பக்கப் பைகளிலும் சம எடையாக ஏற்ற வேண்டும். எடை பிசகினால் சேணம் சாயும். குதிரையின் முதுகு புண்ணாகும். பழகாத குதிரையானால் இரத்த வாடைக்கே மிரளும். வடமேற்குப் பகுதியில் கிரிஸ்லி கரடிகளும் உண்டு. ஆகவே இறைச்சியைக் கூடாரத்துக்கு அப்பால், உயரத்தில் தொங்கவிடுவார்கள்.

இந்தக் காடுகளுக்குள் பெருவிலங்கு வேட்டைக்கு வரும் வெளிமாநிலத்தவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அல்லது இலவச அனுமதி பெற்ற உள்ளூர்வாசி ஒருவர் உடன்வர வேண்டும். அதே ஆள் தூண்டிலோடு வந்தால் தனியாகவே போகலாம்! பாதுகாப்புக்காக என்கிறார்கள். கரடி என்ன, கையில் துப்பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டா வருகிறது? நாட்டுமக்கள் எல்லாருக்கும் பொதுவான நிலத்தில், உள்ளூர்ப் பிழைப்பைக் காக்கும் விதி இது என்ற குறைகூறலைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தப் பிழைப்பும் மானை நம்பித்தான் இருக்கிறது. 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் பனி கடுமையாகக் கொட்டியது. உணவின்றி மான்கள் மடிந்தன. வயோமிங் மலைத்தொடர்க் கூட்டத்தில் அந்த ஆண்டுக் குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே போயின. 2023-இல் வெளிமாநிலத்தவருக்கான உரிமங்கள் குறைக்கப்பட்டன. உரிமம் குறைந்தால் வழிகாட்டிக்கு வாடிக்கையாளர் குறைகிறார். சும்மா நிற்கும் குதிரைக்கும் தீவனம் போட்டாக வேண்டும்.

சிக்கல் மலையில் இல்லை. சக்கரம் நுழையாத அந்தக் காடு மானுக்குக் கோடைக்கால வீடு மட்டுமே. பனி வந்தால் அது சமவெளிக்கு இறங்கிவிடும். ரெட் டெசர்ட் பாலைநிலத்துக்கும் ஹோபேக் மலைப்பகுதிக்கும் இடையே சில மான்கள் ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடப்பதை ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். வழியெங்கும் வேலிகள், சாலைகள். குதிரைமீதேறி மான் தேடும் வேட்டைக்காரர் இவற்றையும் கவனிப்பது நல்லது.

செய்யக்கூடியது உண்டு. பைன்டேல் ஊருக்கு அருகே, நெடுஞ்சாலையின் மேலாக இரண்டும் அடியில் ஆறுமாக, விலங்குகளுக்கென்றே 2012-இல் பாதைகள் அமைத்தார்கள். இன்று மான்கள் அவற்றின் வழியாகச் சாலையைக் கடக்கின்றன.