பயங்கரவாதத்தை ஒழிக்க அந்நியப் படை: நியாயம் எது? எல்லை எது?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

பயங்கரவாதத்தை ஒடுக்க ஒரு நாட்டின் படை மற்றொரு நாட்டினுள் நுழைவது சரியா? நுழைந்த படை எத்தனை காலம் அங்கே தங்கலாம்? நம் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் வினா இது. அவர்கள் மனத்தில் நிற்பவை ஆப்கானிஸ்தானும் ஈராக்கும். ஆனால் விடை தேட அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழ் பேசும் மக்கள் வாழும் இலங்கையில் நம் இந்தியப் படையே இச்சோதனைக்கு உள்ளானது. பிறர் படையை அளக்கும் அதே படியால் நம் படையையும் அளப்பதே நீதி.

இரு கூட்டத்தார் சண்டையிட்டால் சமாதானம் செய்து வையுங்கள். ஒரு சாரார் வரம்பு மீறினால் அவர்களைத் தடுங்கள். அவர்கள் திருந்தியதும் நீதியுடன் இணக்கம் செய்யுங்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9ஆம் வசனம் தரும் வழிகாட்டுதலின் கருத்து. ஆகவே தலையிடுவதே தவறு என்று நாம் கூற இயலாது. ஆனால் அத்தலையீட்டுக்கு ஒரு நோக்கமும், ஒரு முடிவும், நீதி என்னும் நிபந்தனையும் உண்டு. வரப்புத் தகராறைத் தீர்க்க வந்த பெரியவர் தீர்ப்புச் சொல்லித் திரும்பினால் அது பஞ்சாயத்து. அங்கேயே தம் மாட்டையும் கட்டிவிட்டால் அது புதிய தகராறு.

1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். மறுநாள் முதல் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. போராளிகளிடமிருந்து ஆயுதங்களைப் பெறுவதும் அமைதியைக் காப்பதும் அதன் பணி. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். ஆனால் அக்டோபர் மாதத்திலேயே விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டது. 1980களின் தொடக்கத்தில் இப்போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி அளித்ததும் இந்தியாவே என்பதை மறத்தலாகாது. அதே அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் உயிரிழந்தனர். அந்நாளுக்குப் பின் மாலையிட்ட கைகள் மடங்கின.

ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அம்மண்ணில் உயிர் நீத்தனர். கடமைக்காகச் சென்ற அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அமைதி காக்க அனுப்பப்பட்டோர் போர் புரியும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். பணி மாறிய பின்பும் அதன் முடிவு யாதென எவரும் வரையறுக்கவில்லை என்பதே குறை. 1989இல் அடுத்த அதிபர் பிரேமதாசவே படை வெளியேற வேண்டும் என்றார். 1990 மார்ச் 24 அன்று கடைசி வீரரும் திரும்பினார்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்றும் அதே காலத்தில் நடந்தது. 1988 நவம்பர் 3 அன்று இலங்கையிலிருந்து சென்ற ஆயுதக் குழுவினர், மாலத்தீவு அரசைக் கவிழ்க்க முனைந்த சிலருக்குத் துணையாக மாலே நகரைத் தாக்கினர். அதிபர் கையூம் உதவி கேட்டார். அன்றிரவே இந்திய வீரர்கள் விமானத்தில் சென்று இறங்கினர். சதி முறியடிக்கப்பட்டது, படையின் பெரும்பகுதி விரைவில் திரும்பியது. கேட்டவர் யார், பணி என்ன, முடிவு எது என்பன தெளிவாக இருந்தமையால் அத்தலையீடு நன்றியுடன் நினைக்கப்படுகிறது.

பெரியோர்களே! படை வெளியேறியதோடு இலங்கையின் துயரம் முடிந்துவிடவில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்தது. ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆ பள்ளியிலும் ஹுசைனியா பள்ளியிலும் இஷா தொழுகையில் நின்றோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். தொழுகையில் நிற்பவரைச் சுடுவது, எவர் எப்பெயரில் செய்யினும், பயங்கரவாதமே.

‘அப்படியானால் இந்தியப் படை தங்கியிருக்க வேண்டும் அல்லவா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அழைத்த நாடே வெளியேறக் கூறிய பின், காக்க வந்த மக்களே கசந்த பின், தங்கியிருப்பது பாதுகாப்பாகாது. பகையை மேலும் வளர்க்கும். தவறு திரும்பியதில் இல்லை. ஏதிலிகளுக்கு ஏற்பாடு எதுவும் இன்றித் திரும்பியதில் இருக்கிறது. வடகிழக்கு மாகாண அரசைக் காக்க அவசரமாகத் திரட்டப்பட்ட தமிழ்த் தேசிய இராணுவம், இந்தியப் படை நகர நகரச் சிதறியது. அதில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் பலர் மாண்டனர்.

இதே பாடத்தை அமெரிக்கா இன்னும் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் நுழைந்த படை இருபது ஆண்டுகள் தங்கியது. 2021 ஆகஸ்ட் 15 அன்று, படை முழுமையாக வெளியேறும் முன்னரே, காபூல் மீண்டும் தாலிபான் வசமாயிற்று. 2003இல் ஈராக்கினுள் நுழையக் கூறப்பட்ட காரணமான பேரழிவு ஆயுதங்களோ கிடைக்கவே இல்லை. ஆப்கானிஸ்தானில் நோக்கம் இடையில் மாறியது. ஈராக்கில் காரணமே பொய்த்தது.

எனவே என் முடிவு இதுதான். பாதிக்கப்பட்டோர் கேட்டு, பணி வரையறுக்கப்பட்டு, அப்பாவிகளின் உயிர் மதிக்கப்படுமாயின் தலையிடுவது நியாயம். இவற்றுள் ஒன்று முறிந்தாலும் தொடர்வது நியாயமன்று. ஆனால் திரும்புவதும் ஓர் அமானிதம். நம்பி நின்ற பலவீனரைப் பகைவர் கையில் விட்டுச் செல்வது அமானித மோசடியாகும்.

நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அந்நியப் படையின் குண்டுக்கு இரையானோருக்காகக் கண்ணீர் விடும் நாம், பயங்கரவாதிகளின் குண்டுக்கு இரையானோரிடத்தில் மௌனம் காத்தலாகாது. அநீதி செய்யும் சகோதரனுக்கு உதவுவது எப்படி என வினவப்பட்டபோது, அவனைத் தடுப்பதே உதவி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். நம் பிள்ளைகளின் காதில் வெறுப்பை ஓதுபவர் எவராயினும் இம்மஹல்லாவிலேயே தடுத்து நிறுத்துவோம். வீட்டார் விழித்திருக்கும் வீட்டுக்கு வெளியார் காவல் தேவைப்படாது. நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களையும் அண்டை வீட்டாராக மதித்து அவர்தம் இன்ப துன்பங்களில் பங்கு கொள்வோம்.

எந்நாட்டு மக்களாயினும் அச்சமின்றி உறங்கி, அச்சமின்றி வணங்கி வாழும் அமைதியை வல்ல நாயன் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.