நன்றி கூறியவரின் பெயர்



மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விளித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவதுதான் முறை. எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் அதைச் செய்துவிட்டார்கள். ஐந்தாவது தடவை நானும் ஆரம்பித்தால் பந்தியில் சாம்பார் ஆறிப்போகும். அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு. புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தலைவருக்கும் செயலாளருக்கும் பொருளாளருக்கும் தனியாக ஒரு வாழ்த்து. ஜூலை பிறந்தால் உங்கள் சங்கங்களுக்கு வருடம் பிறக்கிறது. எனக்கும் வருடாவருடம் ஒரு பொன்னாடை பிறக்கிறது. பீரோவில் இடமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இந்த அருப்புக்கோட்டையில் 26 வருடம் பகுதி நேர நிருபராக இருந்தேன். முதலில் மதுரை பஸ் கண்டக்டர் கையில் நியூஸ் கவர் கொடுத்துவிட்ட காலம். பிறகு ஃபேக்ஸ். பிறகு வாட்ஸ்அப். கருவி மாறியது, சங்கச் செய்தி மட்டும் மாறவே இல்லை. "தலைவர் தலைமை வகித்தார். முன்னாள் தலைவர் முன்னிலை வகித்தார். பொருளாளர் வரவேற்றார். முகாமை இன்னார் தொடங்கி வைத்தார். ஏராளமானோர் கலந்துகொண்டனர். செயலாளர் நன்றி கூறினார்." ரோட்டரி என்றாலும் இதுதான், அரிமா சங்கம் என்றாலும் இதுதான், ஜேசீஸ் என்றாலும் இதுதான். பெயரை மட்டும் மாற்றி மாற்றி நானே எழுதியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பத்திரிகை ஆபீஸில் இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் கத்தரியைக் கடைசி வரியில்தான் வைப்பார். கடைசி வரி எது? செயலாளர் நன்றி கூறினார். மறுநாள் காலை ஆறு மணிக்கே எனக்குப் போன் வரும். "அண்ணாச்சி, எல்லார் பேரும் வந்திருக்கு, என் பேரு மட்டும் காணோமே." அந்த முகாமுக்குப் பந்தல்காரரைப் பிடித்து, டாக்டருக்கு வண்டி ஏற்பாடு பண்ணி, நோட்டீஸ் ஒட்டி, மூன்று நாள் தூங்காமல் அலைந்தவர் அவர்தான். குத்துவிளக்கு ஏற்றியவர் பெயர் கொட்டை எழுத்தில் வந்திருக்கும். அந்தச் செயலாளர் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஆனால் அந்தச் செய்தியில் விட்டுப்போன விஷயம் செயலாளர் பெயர் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

1905 பிப்ரவரி 23. சிகாகோ நகரத்தில் நான்கு பேர் ஓர் அலுவலக அறையில் கூடுகிறார்கள். ஒருவர் வக்கீல், பால் ஹாரிஸ். மற்றவர்களில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்கடைக்காரர். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவர் இடத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், அன்றைக்குச் சேவை என்ற பேச்சே கிடையாது. பெரிய பட்டணத்தில் தனியாகக் கிடந்தவர்கள் சிநேகிதத்துக்கும், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதற்கும் கூடினார்கள். பிறகுதான் ஊர் நினைவு வந்தது. வந்ததும் கையில் எடுத்த முதல் பொதுக்காரியம் எது தெரியுமா? பொதுக் கழிப்பறை. நூற்றாண்டு தாண்டி உலகம் முழுக்கப் பரவிய ஓர் இயக்கம் கக்கூஸ் கட்டித்தான் சேவையைத் தொடங்கியது. இதை யாரும் பதவியேற்பு விழா மேடையில் சொல்வதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

அரிமாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கதையும் இருக்கிறது. அதுவும் சிகாகோவில்தான் தொடங்கியது, 1917இல், மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில். 1925இல் ஓஹாயோவில் நடந்த உங்கள் மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். கண்ணும் தெரியாத, காதும் கேளாத அந்த அம்மையார், பார்வையற்றவர்களுக்காக நீங்கள் நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்த வேலைதான், இன்றைக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடக்கிற கண் சிகிச்சை முகாம்.

இப்போது போலியோவுக்கு வருகிறேன். 1985இல் ரோட்டரி போலியோ ஒழிப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. 1988இல் உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வருடத்தில் மட்டும் 125க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகளை அந்த நோய் முடக்கியது. நம் வேலூரில் இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான் ஒரு சங்கடமான உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னார். மேல்நாட்டுக் குழந்தைக்கு மூன்று தடவை கொடுத்தால் போதுமாக இருந்த சொட்டு மருந்து, நம் குழந்தைக்குப் போதவில்லை. திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதாவது திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் எப்படிப் போனார்கள் என்று கேளுங்கள். வீடு வீடாகப் போகிற குழுவின் கையில் மருந்துப் பெட்டியோடு ஒரு சாக்பீஸும் இருக்கும். வீட்டில் உள்ள அத்தனை குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டால் சுவரில் ஆங்கிலத்தில் 'பி' என்று எழுதுவார்கள். ஒரு குழந்தை விட்டுப்போனாலும் 'எக்ஸ்'. பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும், எக்ஸ். கதவு பூட்டியிருக்கும், எக்ஸ். வேண்டவே வேண்டாம் என்று தகப்பன் துரத்தியிருப்பான், எக்ஸ். மறுநாள் அந்த எக்ஸ் வீட்டுக்கு மட்டும் தனியாகப் போவார்கள். அன்றும் நடக்காவிட்டால் பள்ளிவாசல் பெரியவரையோ தெரு டாக்டரையோ கூட்டிக்கொண்டு போவார்கள். 2009இல் நம் நாட்டில் 741 குழந்தைகளுக்குப் போலியோ. மறு வருடம் 42. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஹவுரா பக்கம் ஒரே ஒரு குழந்தை. அதோடு முடிந்தது. 2014 மார்ச் 27 அன்று நம்மைப் போலியோ இல்லாத பகுதி என்று அறிவித்தார்கள். குழந்தை வாயில் சொட்டு விட்டுத் தொடங்கி வைத்த மந்திரிகள் படம் என்னிடமே ஒரு கட்டு இருக்கிறது. எக்ஸ் வீட்டுக்கு மூன்றாம் நாள் போனவர் படம் ஒன்றுகூட இல்லை. நான் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

ரத்த தானத்திலும் இதே கதைதான். ஒரே நாளில் ஊரே திரண்டு கொடுத்தால் செய்தி பெரிசாக வரும். ஆனால் தட்டணுக்கள் ஐந்து நாளைக்குத்தான் தாங்கும். சிவப்பணுக்கள் 35 நாள், மிஞ்சிப்போனால் 42. பிறந்தநாள் முகாமில் குவிந்த ரத்தம் இரண்டு மாதம் கழித்துப் பிரசவத்துக்கு வருகிற பெண்ணுக்கு உதவாது. மே மாதம் காலேஜ் லீவு, கொடுக்கிற பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ரத்த வங்கி காய்ந்து கிடக்கும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவைத்து, "தம்பி, உனக்கு நாள் வந்திருச்சு, வாறியா" என்று மே மாத வெயிலில் போன் போடுகிற ஆள் ஒரு சங்கத்தில் இருந்தால் போதும். அந்தச் சங்கத்துக்கு பேனரே வேண்டாம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அப்பா இறந்தது ஒரு மார்கழி ராத்திரி, பதினோரு மணிக்கு. யார் சொன்னார்களோ, அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து நின்றார். மாவு மில் வைத்திருப்பவர், சங்க உறுப்பினர். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. அழுகைக்கு நடுவே ஓரமாகக் கூப்பிட்டுக் கண் தானம் கேட்டார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு 81 வயது, கண்புரை ஆபரேஷன் வேறு ஆகியிருக்கிறதே என்றேன். வயதும் தடை இல்லை, ஆபரேஷனும் தடை இல்லை என்றார். நான் தலையாட்டியதும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினார். அப்பாவின் இமைகளை மெதுவாக மூடினார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மேலே வைத்தார். தலைக்கு அடியில் இன்னொரு தலையணை கொடுத்து உயர்த்தினார். கைக்குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி இருந்தது.

எங்கள் அத்தை விடவில்லை. "கண்ணு இல்லாம என் அண்ணன் எப்படி மேல போவாரு?" என்று கத்தினார். மில்லுக்காரர் கை கூப்பிக்கொண்டே சொன்னார்: "அம்மா, அவரு ராத்திரி கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுத்தானே தினமும் தூங்குனாரு?" அத்தை பதில் சொல்லவில்லை. சமாதானமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதுரையில் இருந்து வந்தவர்கள் இருபதே நிமிடத்தில் வேலையை முடித்தார்கள். அப்பா முகம் அப்படியேதான் இருந்தது.

பதினாறாம் நாள் மில்லுக்காரர் மறுபடி வந்தார். இரண்டு பேருக்குப் பொருத்தியாகிவிட்டதாம் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார். அடுத்த மார்கழியில் திதி அன்று வந்தார். அத்தையிடம் படிவத்தை நீட்டினார். அத்தை திட்டி அனுப்பினார். அதற்கடுத்த வருடமும் வந்தார், திட்டும் வாங்கினார். மூன்றாவது வருடம் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. "எங்கடா அந்த மில்லுக்காரனைக் காணோம்?" என்று அத்தை கேட்டார். அத்தை இறந்த அன்று, ஃபேனை நிறுத்துங்கள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தபோதே அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த மனிதர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது என்று காலையிலேயே வந்து சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். 26 வருடத்தில் ஒரு தடவைகூட அவர் பெயர் என் செய்தியில் வந்ததில்லை. அவர் தலைமையும் வகிக்கவில்லை, முன்னிலையும் வகிக்கவில்லை.

தலைவர் மணியைப் பார்க்கிறார். இன்னும் ஒன்றே ஒன்று.

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் அவர். இலவசமாகவே ஆபரேஷன் செய்கிறோம் என்றாலும் கிராமத்து ஜனங்கள் ஏன் வரவில்லை என்று விசாரித்துப் பார்த்தார்கள். பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு ஆள், போகிற நாளின் கூலி. இலவசம் என்றாலும் ஏழைக்குச் செலவுதான். அதனால்தான் முகாமில் இருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய், சோறு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு வந்தது.

அந்த பஸ்ஸிலும் ஏறாதவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் இங்கே நடந்த முகாமில் கண்புரை என்று சொல்லியும் 11 பேர் ஏறவில்லை. வேலையில்லாத நிருபர் நான், வீட்டுக்கு வீடு போய் விசாரித்தேன். ஒருவருக்கு ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருவருக்கு மகள் பிரசவம். இரண்டு பேருக்குப் பயம், மறைக்காமல் ஒத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர். விடியுமுன்னே இருட்டில் எடுக்கிற பூ, அதற்குக் கண் எதற்கு என்று சிரிக்கிறார். மொட்டு எது, விரிந்தது எது என்று விரலால் தடவித்தான் பறிக்கிறார். சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்கிறார்.

தெருப் பெயர், வீட்டு அடையாளம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இதோ, இந்தத் தாளைத் தலைவர் கையில் கொடுக்கிறேன். போட்டோகிராபர் தம்பி, இதைப் படம் எடுக்காதே. எடுக்கிறதென்றால் அந்தத் தோட்டத்துக்கு விடியற்காலை நாலு மணிக்கு வா.

செயலாளர் நன்றி சொல்ல எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் தம்பி, உங்கள் பெயரை முதல் வரியில் எழுதிக்கொள்கிறேன்.