செம்மறிக்கு உரோமம் கத்தரிக்கப் பழகினேன்

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"இலக்கியம் பேச வேறை ஆக்கள் இருக்கினம், நீ உன்ரை ஆட்டுக்கதையைச் சொல்லு" என்று செயலாளர் அண்ணை கேட்டார். நான் ஏ.எல். உடன் படிப்பை விட்டவன். கிழமையில் ஐந்து நாள் பக்டரியில் பெட்டி அடுக்குகிறவன். ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்லுகிறேன்.

எங்கடை பக்டரியில் போக்லிப்ட் ஓட்டுகிற வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவருக்கு, நகரத்துக்கு வெளியே ஒரு சின்னப் பண்ணை இருக்கிறது. பிழைப்புக்கு அல்ல, ஆசைக்கு வைத்திருக்கிற பண்ணை. அதில் 14 செம்மறி. தொழில்முறையாகக் கத்தரிக்கிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நாளொன்றுக்கு 150, 200 ஆடு வெட்டுகிறவர்கள் 14 ஆட்டுக்காக வருவது அருமை. பெரியவருக்கோ நாரிப்பிடிப்பு. "நீ பழகுகிறாயா?" என்று கேட்டார். ஓமென்றேன்.

ஊரில் எங்கடை செம்மறிக்கு மயிர் கட்டை. கத்தரிக்கிற வேலையே இல்லை. இங்குள்ள கம்பளி ஆடு அப்படியல்ல. மனிதன் உரோமத்துக்காகவே தலைமுறை தலைமுறையாய்த் தெரிந்தெடுத்து வளர்த்ததால் அதன் உரோமம் தானாக உதிராது. வளர்ந்துகொண்டே போகும். ஈரமும் அழுக்கும் பட்ட இடத்தில் ஈ முட்டையிடும், புழு உயிரோடு சதையைத் தின்னும். 2015 இல் கன்பராவுக்குக் கிட்ட, கூட்டத்தை விட்டுப் பல வருடம் அலைந்த ஒரு செம்மறியைப் பிடித்து வெட்டினார்கள். இறங்கிய உரோமம் 41.1 கிலோ! நடக்கவே கஷ்டப்பட்ட சீவன் அது. ஆகவே இது அலங்காரம் அல்ல, வைத்தியம் மாதிரி.

இனி வேலையைச் சொல்லுகிறேன். முதல் நாளே தீனியை நிறுத்தவேணும். வயிறு நிறைந்த ஆட்டை இருத்தி வைத்தால் அதற்கு மூச்சு முட்டும். உரோமம் நனைந்திருந்தால் வெட்டக்கூடாது. ஆட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. தாடையைப் பிடித்துத் தலையைத் தோள்ப்பக்கம் திருப்பினால் பின்பக்கம் தானாகப் பதியும். முதுகை எங்கடை முழங்காலில் சாய்த்து, பிள்ளையை இருத்துகிற மாதிரி இருத்தவேணும். நாலு காலும் நிலத்தில் படாவிட்டால் அது அடங்கிவிடும்.

மெசினில் கீழே சீப்பு, மேலே அங்குமிங்கும் ஓடுகிற கத்தி. சீப்பு தோலோடு படுத்தபடி போகவேணும். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்கவேணும், சுருக்கம் விழுந்தால் காயம்தான். மறியாடென்றால் முலைக்காம்பைக் கையால் மூடிக்கொள்ளவேணும். முதலில் வயிறு, பிறகு தொடையிடுக்கு, இடது பின்னங்கால், உச்சி, கழுத்து, இடது தோள். பிறகு ஆட்டைச் சரித்துப்போட்டு முதுகு நெடுக நீள இழுவை. கடைசியில் வலது தோளும் வலது பக்கமும். ஒரே இடத்தை இரண்டு தரம் வெட்டினால் நார் துண்டு துண்டாகி விலை குறையும். சரியாக வெட்டினால் வயிற்று உரோமம் தவிர மிச்சம் முழுவதும் பாய் மாதிரி ஒன்றாகக் கழன்றுவிடும்.

"கையைப் பாராதே, காலைப் பார்" என்பது பெரியவரின் ஒரே பாடம். நாங்கள் கால் வைக்கிற விதத்தில்தான் ஆடு திரும்பும். பலமல்ல, நிலைதான் முக்கியம். முதல் ஆட்டுக்கு எனக்கு 35 நிமிடம். இப்போது 8 நிமிடம். கைதேர்ந்தவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். உரோமத்தில் இருக்கிற கொழுப்புப் பட்டு, பெட்டி அடுக்கி வெடித்த என் கை மெதுமையாகிப் போச்சு, அது இலாபம்!

இவ்வளவையும் ஏன் சொல்லுகிறேன்? நான் இதைப் பழகுகிறேன் என்று தெரிந்ததும், எங்கடை ஆக்களில் ஒருவர் ஒரு சாதிப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். "ஏ.எல். படிச்ச பிள்ளை ஆட்டுக்கு மயிர் வெட்டுதோ" என்று ரெலிபோனில் அம்மாவும் அழுதா. எனக்கு ஆட்டில் கோபமில்லை, வேலையில் வெட்கமில்லை. கடல் தாண்டி வரும்போது வீடு, காணி, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் பத்திரமாய்க் கொண்டுவந்திருக்கிறோமே என்பதுதான் துக்கம்.

இந்த நாட்டில் ஜக்கி ஹவ் என்று ஒருவர் இருந்தார். 1892 இல் குயின்ஸ்லாந்தில், 7 மணி 40 நிமிடத்தில், கைக்கத்தரியால் 321 ஆடு வெட்டினார். மெசின் வந்த பிறகும் 1950 வரை அந்தத் தொகையை ஒருவரும் தாண்டவில்லை. பிளாக்கோல் என்ற ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. கையில்லாத பெனியனுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மயிர் வெட்டியவருக்குச் சிலை! எங்கடை ஊரில் எங்கள் தலைமயிரை வெட்டிவிட்டவருக்கு முற்றத்தில் இருக்க ஒரு கதிரை கொடுத்தோமா? இதைப் பெரியவர்களிடம் மரியாதையோடுதான் கேட்கிறேன்.

இப்போது ஐந்து, பத்து ஆடு வைத்திருக்கிற அயல் பண்ணைக்காரரும் சனிக்கிழமையில் என்னைக் கூப்பிடுகினம். வேலை முடிய அவர்களின் குசினி மேசையில் சமமாக இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன். பிள்ளைகளே, வருகிற செப்ரெம்பரில் விருப்பமானவர்கள் என்னோடு வாருங்கள். ஆட்டைப் பிடித்துத் தாருங்கள். என்ன வேலை என்று ஒருவர் கேட்டால், தலை குனியாமல் சொல்லப் பழகுவோம்.